ஆலைக்கு முன் சந்தை முற்றம்

சிறு நகரங்களின் அபிவிருத்தி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு வணிக வளாகம், ஊருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டை என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஊருக்குப் பிழைப்புத் தருவது எது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது.

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தில் இதற்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 30 ஆயிரம் பேரே வசித்த இந்நகரம், தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றைத் தாங்கி நிற்கிறது. கள்ளிமந்தையம், இடையகோட்டை, அம்பிளிக்கை, விருப்பாட்சி வட்டாரங்களில் விளையும் தக்காளி, முருங்கை, கத்தரி, வெண்டை எல்லாம் இங்கு வந்து சேருகின்றன. பெரும்பகுதி கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. சுமை தூக்குவோர், சாக்கு வியாபாரி, உரக்கடைக்காரர், டீக்கடைக்காரர் என அனைவரின் வரும்படியும் காய் விற்ற பணம்தான்.

பலவீனமும் இதிலேயே உள்ளது. விற்கும் சரக்கு அழுகும் சரக்கு. வாங்கும் திசையும் பெரும்பாலும் ஒன்றே. ஓணத்துக்கு முன் விலை ஏறும் என்று நம்பிப் பயிரிடுவோர் பலர். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து, அம்மாநில அரசு ஓண விழாவையே ரத்துச் செய்தது. அத்தகைய ஆண்டில் செடியில் பழுத்த தக்காளியைப் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டாது.

இதற்கு மருந்தாக உடனே சொல்லப்படுவது தக்காளிக் கூழ் ஆலை. கணக்கைப் பார்ப்போம். தக்காளியில் நீர் போக எஞ்சும் திடப்பொருள் 5 சதவீத அளவே. 28 சதவீதம் திடப்பொருள் கொண்ட கெட்டிக் கூழ் ஒரு கிலோ எடுக்க ஏறத்தாழ 6 கிலோ பழம் வேண்டும். பழம் கிலோ 4 ரூபாய் விற்றால் மூலப்பொருள் செலவு 24 ரூபாய். 40 ரூபாய் விற்றால் 240 ரூபாய். விலை வீழ்ந்த சில வாரங்களை மட்டும் நம்பிக் கட்டும் ஆலை மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். வங்கி வட்டி பூட்டிக் கிடக்காது. தவிரவும், தொலைதூரம் லாரியில் போவதற்கேற்ற கெட்டித் தோல் ரகங்கள் கூழுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆலை வேண்டுமானால் அதற்கென்றே ரகமும், முன்கூட்டிப் பேசிய விலையும், ஒப்பந்தப் பரப்பும் வேண்டும்.

முருங்கையின் கதை வேறு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 விதை முருங்கை, நட்ட ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வருவது. காய்ப்பு ஒருசேர வரும்போது விலை சரிகிறது. ஆனால் விலை இல்லாத காயை மரத்திலேயே முற்ற விட்டால் விதையாகும். விதையில் எண்ணெய் உண்டு, அதைச் சேமித்தும் வைக்கலாம். இலைத்தூளுக்கும் வெளிநாடுகளில் தேவை இருக்கிறது. ஆனால் காய்த் தோட்டத்தில் மிஞ்சிய இலையைக் கழித்துக் காயவைத்தால் போதும் என்று எண்ணக் கூடாது. புழுவுக்கு மருந்தடித்த இலை நச்சு எச்சப் பரிசோதனையில் தேறாது. இலைக்கென நெருக்கமாக நட்ட தனித் தோட்டமும், நிழலில் உலர்த்தும் கூடமும் வேண்டும். இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. மகளிர் குழுக்களே நடத்தலாம். வாங்குபவரை முடிவு செய்துகொண்டு நடுவது நலம்.

எதை முதலில் செய்வது என்பதற்குக் குஜராத்தின் ஆனந்த் நகரம் நல்ல உதாரணம். அங்கு 1946-இல் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் தோன்றியது. குளிர்காலத்தில் பால் பெருகும். பம்பாய் அவ்வளவையும் வாங்காது. அந்த மிச்சப் பாலைத் தூளாக்கும் ஆலை வந்தது 1955-இல்தான். பல ஆண்டுகள் நாள்தோறும் பால் சேர்த்து, அளந்து, பணம் கொடுத்துப் பழகிய அமைப்பு ஒன்று இருந்தபிறகே ஆலை எழுந்தது. நம் ஊர்களில் முதலில் கட்டடம் எழும்புகிறது. சரக்குக்கு ஆள் பிறகு தேடப்படுகிறது.

ஒட்டன்சத்திரத்துக்கு முதல் தேவை நல்ல சந்தை முற்றம். மழையில் சேறாகாத தளம், கூரை, பொது மின்னணு எடைமேடை, லாரிகள் சாலையை அடைக்காமல் நிற்க இடம், பறித்த காயின் சூட்டைத் தணிக்கும் குளிரூட்டும் அறை, கழிவுக் காயிலிருந்து சாண எரிவாயு போல வாயு எடுக்கும் கலன் ஆகியவை இருந்தால் போதும். 2020-இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை வகுக்கப்பட்டது இத்தகைய பணிகளை எண்ணியே. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இதைக் கேட்டுப் பெற முன்வர வேண்டும்.

மண்டிக்காரரைத் திட்டுவது எளிது. நாற்று வாங்கவும் மருந்து வாங்கவும் இரவில் கதவைத் தட்டினால் பணம் தருபவர் பல சமயம் அவர்தான்; அந்தக் கடனே விவசாயியை அவருடைய கடைக்குக் கட்டிப்போடுகிறது. கூட்டுறவு வங்கியின் பயிர்க்கடன் காய்கறிக்கும் காலத்தில் கிடைத்தால் அந்தக் கட்டு தானாகத் தளரும்.

நகராட்சியின் அடுத்த வரவு-செலவுத் திட்டத்தில், சந்தையால் வரும் வாடகை, வரி ஆகியவற்றில் ஒரு பங்கைச் சந்தைக்கே திருப்பிச் செலவிட ஒதுக்கீடு வேண்டும். அதைச் செலவிடும் குழுவில் வணிகர், உறுப்பினர்களோடு சுற்றுக் கிராமங்களின் காய்கறி விவசாயிகளும் சரிபாதியாக இடம்பெற வேண்டும். அவர்கள் நகராட்சி வாக்காளர்கள் அல்லர் என்பதற்காக அவர்களை வாசலில் நிறுத்திவைக்கலாகாது.