விடைத்த செவியும் எள்ளும் நாவும்

பிறருடைய உறுப்பிற் காணும் சிறு வேறுபாட்டையே அவர்க்குப் பெயராக்கி அழைக்கும் வழக்கம் நம்மிடையே பெரிதும் உண்டு. ஒருவனுக்குச் செவிகள் சற்று விடைத்து நிற்பின், அவன் 'முறக்காதன்' ஆகிவிடுகின்றான். அழைத்தவர் அன்றே மறப்பர், அழைக்கப்பட்டவன் மறப்பதில்லை. இவ்விழிபெயரினின்றும் தப்புதற்பொருட்டு, அறுவையாற் செவியைப் படியச் செய்துகொள்ளுதல் தக்கதோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விடைத்த செவி நோயன்று. கேட்குந் திறனை அது குறைப்பதுமில்லை. புறச்செவியின் குருத்தெலும்பில் அமையவேண்டிய மடிப்பு நன்கு அமையாமையாலேனும், செவித்துளையைச் சூழ்ந்த குருத்தெலும்பு மிக்கு வளர்தலாலேனும் இந்நிலை உண்டாகின்றது. 1881-இல் நியூயார்க் நகரத்து மருத்துவர் எட்வர்டு எலி என்பார் இதனைத் திருத்தும் அறுவையை வெளியிட்டார். 1910-இல் லக்கெட் என்பார் மடிப்பின் குறைவைக் காரணமாகக் காட்டினார். 1963-இல் மஸ்டார்டே என்பார் தையலால் அம்மடிப்பை உண்டாக்கும் முறையை விளக்கினார். பிறந்து சில வாரங்களே ஆன குழவிக்கோ, குருத்தெலும்பு மென்மையாயிருத்தலின், அறுவையின்றி அச்சுக்கட்டு ஒன்றினாலேயே செவியைத் திருத்தல் கூடும்.

"இயற்கை அளித்த உருவத்தை மாற்றலாகாது" என்பார் சிலர். அங்ஙனம் கூறுவோர், கோணிய பல்லைக் கம்பியிட்டு நிமிர்த்துதலைக் குறைகூறக் கேட்டிலோம். குழந்தைக்குக் காது குத்துதலையே விழாவாகக் கொண்டாடும் நாட்டில், செவியைத் தொடலாகாது என்னும் வாதம் நில்லாது. ஆதலின், வருந்தியிருக்கும் ஒருவன் தன் செவியைத் திருத்திக்கொள்ள விரும்பின், அதனை வீண் பகட்டு என்று இகழ்தல் முறையன்று.

ஆயினும், எள்ளலுக்கு அஞ்சி உடலை மாற்றுவோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளில் நம் பாட்டியர் காது வடித்துப் பாம்படமும் தண்டட்டியும் அணிந்தனர். தோளளவு தாழ்ந்த காதே அக்காலத்து அழகு. காலம் மாறிற்று, அதே காது நகைப்பிற்கு இடமாயிற்று, பலர் அதனை அறுத்துத் தைத்துக்கொண்டனர். காது செய்த பிழை யாது? காண்போர் கண்ணன்றோ மாறியது!

இனி, பெற்றோர் செய்யும் விரைவு குறித்தும் ஒரு சொல். ஐந்தாறு வயதிற்குள் செவி பெரும்பாலும் வளர்ந்துவிடுதலின், அவ்வயது முதலே இவ்வறுவையைச் செய்கின்றனர். பள்ளித்தோழர் எள்ளுமுன் திருத்திவிடல் நன்று என்பர் பெற்றோர். அவ்வன்பை நாம் அறிவோம். எனினும் குருதிக்கசிவு, சீழ்ப்பிடித்தல், இரு செவியும் ஒவ்வாமை, செவி மீண்டும் விடைத்தல் ஆகிய இடர்களும் இவ்வறுவைக்கு உண்டு. தன் செவியைக் குறித்துச் சிறிதும் வருந்தாத குழந்தையை இவ்விடர்களுக்கு உள்ளாக்குதல் தகாது. 'உன் செவி குறையுடையது' என்று அதற்கு முதன்முதற் கற்பிப்போர் பெற்றோராக வேண்டுமோ? குழந்தை வளர்ந்து, செய்வது இன்னதென உணர்ந்து, தானே வேண்டுங்காறும் காத்திருத்தலே அறம். செவி அதனுடையது, தெரிவும் அதனுடையதாகுக.

மருத்துவர் ஒருவன் செவியைத் திருத்துவர். அவனைப் போன்ற பதின்மரை எள்ளும் நாவைத் திருத்த அவரால் இயலாது. அது நம் விடுதிகளிலும் வகுப்புக்களிலும் நாமே செய்யவேண்டிய பணி. அதற்குப் பொருட்செலவில்லை, மயக்க மருந்தும் வேண்டா. இவ்வாண்டு நம் கல்லூரிக்குப் புதிதாக வரும் இளையோரை அவர்தம் பெற்றோர் இட்ட பெயராலேயே அழைப்போமாக.