வெளுக்கப்படும் முகங்கள்

புகைப்படத்தைக் கணினியில் இட்டு, அதன் ஒளியையும் நிழலையும் நிறத்தையும் திருத்துவது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. 1990ஆம் ஆண்டில் போட்டோஷொப் விற்பனைக்கு வந்தபோது அச்சுத் தொழிலினரும் விளம்பரக்காரரும் கையாண்ட வித்தை, இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எட்டியுள்ளது. இதுபற்றி இரு கட்சியினர் வாதிடுகின்றனர். 'படத்திற் கைவைப்பதே பொய்' என்பர் ஒரு சாரார். 'பொருளையா மாற்றினோம்? தொனியைத்தானே மாற்றினோம்!' என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் உண்மையைக் காணத் தவறுகின்றனர் என்பதே எமது துணிபு.

முதலாம் கட்சியினர் போற்றும் 'கைபடாத படம்' எங்கே இருக்கின்றது? இன்றைய தரமான கமரா ஒளியை 16,384 படிநிலைகளாகப் பதிய வல்லது. நாம் வழக்கமாகப் பார்க்கும் படத்திலோ ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிநிலைகளே உள. எவற்றை வைத்திருப்பது, எவற்றைக் கழிப்பது என்பதை நாம் தொடுமுன்பே கமராவை ஆக்கியவன் தீர்மானித்து விடுகிறான்.

படச்சுருளின் காலமும் இதற்கு விலக்கன்று. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கொடாக் நிறுவனம், வண்ணப்படம் அச்சிடுவோர் நிறத்தை ஒப்புநோக்குவதற்கென ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தை வழங்கி வந்தது. 'ஷேர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவளது தோலே அளவுகோல்! அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்த படங்களிலே கறுப்புப் பிள்ளைகளின் முகங்கள் இருளில் மறைந்தன. பெற்றோர் முறையிட்டனர். ஆயினும், சொக்கலேற் கம்பனிகளும் மரத்தளபாடக் கம்பனிகளும் தம் பண்டங்களின் பழுப்பு நிறம் செவ்வையாக விழவில்லையென முறையிட்டமையே மாற்றத்திற்குப் பெருந் தூண்டுகோலாயிற்று. பிள்ளையின் முகத்திற்குக் கிடைக்காத கவனம் சொக்கலேற்றுக்குக் கிடைத்தது. சந்தையின் நடுநிலைமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இனி, 'தொனியைத்தானே மாற்றினோம்' என்பாரை நோக்குவோம். கவிதையிலே தொனி பொருளுக்குப் புறம்பானதன்று, படத்திலும் அவ்வாறே. 1994ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஓ. ஜே. சிம்சன் என்ற கறுப்பினத்தவர் கொலைக் குற்றச்சாட்டிற் கைதானார். பொலிசார் எடுத்த அதே படத்தை ரைம், நியூஸ்வீக் என்னும் இரு வார ஏடுகளும் ஒரே வாரத்தில் அட்டையில் வெளியிட்டன. நியூஸ்வீக்கில் அது உள்ளவாறே வந்தது. ரைமிலோ முகம் கருக்கப்பட்டு, சுற்றிலும் இருள் கூட்டப்பட்டிருந்தது. வழக்கு விசாரணை தொடங்குமுன்பே அந்த இருள் தீர்ப்புக் கூறிவிட்டது.

ரைம் கருக்கியது, எமது ஸ்ரூடியோக்கள் வெளுக்கின்றன. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: கறுப்பு என்பது குற்றம், அல்லது குறை. சாமத்தியச் சடங்கு ஆல்பத்திலும் கல்யாண ஆல்பத்திலும் எமது பெண்கள் தம் சொந்த நிறத்தோடு தோன்றுவது அரிதாகி வருகின்றது. அடையாளத்திற்கென எடுக்கும் படத்தையே 'கொஞ்சம் வெள்ளையாக்கித் தாருங்கள்' என மாணவியர் கேட்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். வெயிலில் வெங்காயம் நட்டு மகளைப் படிக்கவைத்த தாயின் முகமும் அவ்வாறே மெழுகப்படுகின்றது. அழிக்கப்படுவது வெறும் நிறமா? அவளது உழைப்பின் வரலாறல்லவா! வெண்மையை அழகென விற்ற 'பெயார் அன்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு, 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயரிலிருந்து நீங்கிய வெண்மை மனங்களிலிருந்து நீங்கவில்லை.

அவ்வாறாயின் கருவியை ஒதுக்கிவிடுவதா? அது பேதைமை. உச்சி வெயிலிலே வெள்ளைச் சேலை உடுத்து நிற்கும் கறுத்த பெண்ணைப் படம் பிடித்தால், கமரா சேலையின் வெண்மைக்கு ஏற்ப ஒளியைக் குறைத்து, முகத்தை இருளாக்கிவிடும். அந்நிழலை உயர்த்தி, அவளது கண்களையும் நெற்றிச் சுருக்கங்களையும் வெளிக்கொணர்வது பொய்யன்று. ஒளி எழுதியதை வாசிக்கத்தக்கதாக்கும் நேர்மையான பணி அது. மினமாத்தாவிலே தொழிற்சாலை கடலிற் கொட்டிய பாதரசத்தினால் முடமானோரை 1970களின் தொடக்கத்திற் படமெடுத்த யூஜின் சிமித், இருட்டறையிலே ஒளியையும் நிழலையும் அயராது செதுக்கியவர். கம்பனியின் குற்றத்தையும் மக்களின் துயரையும் உலகம் காணவேண்டும் என்பதற்காக அவர் கை உழைத்தது.

ஆகவே, கைவைத்தாயா என்ற கேள்வி பயனற்றது. எதைத் துலக்கினாய், எதை மறைத்தாய், யாருக்காக என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். கொழுந்து பறிப்பவளின் விரல்வெடிப்பைத் துலக்கும் கையை நாம் வாழ்த்துவோம். அதே வெடிப்பை மெழுகி, அவளைச் சுற்றுலா விளம்பரத்தின் அலங்காரப் பொம்மையாக்கும் கையை எதிர்ப்போம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! பாடசாலை மலர்களுக்கும் விழாக்களுக்கும் எடுக்கும் படங்களிலிருந்தே இப்பணியைத் தொடங்குவோம். எமது பிள்ளைகளின் முகங்கள் அவற்றின் நிறத்தோடே அச்சேறட்டும். தன் முகத்தைக் கண்டு கூசும் ஒரு தலைமுறை, தன் உரிமையை எவ்வாறு நிமிர்ந்து கேட்கும்?