ஹெலிகாப்டருக்கும் அனுமதிச் சீட்டா?

2011 ஆகஸ்ட் 2. சூடானும் தெற்கு சூடானும் சொந்தம் கொண்டாடுகிற அபியே பகுதி. ரோந்து போன எத்தியோப்பிய அமைதிப்படை வீரர்கள் கண்ணிவெடியில் சிக்கினார்கள். ஒருவர் அங்கேயே இறந்தார். படுகாயம் பட்ட இன்னும் மூன்று பேர் உயிரோடுதான் இருந்தார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு போக ஐ.நா.விடம் ஹெலிகாப்டரும் இருந்தது. கிளம்பத்தான் முடியவில்லை. சூடான் அரசு உடனே அனுமதி தரவில்லை. மீறிக் கிளம்பினால் சுடுவோம் என்று மிரட்டியது. இதைச் சொன்னவர் அப்போது ஐ.நா. அமைதிப்படைத் துறைத் தலைவராக இருந்த அலான் லெ ருவா. அதுவும் நிருபர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். காத்துக் கிடந்த மூன்று பேரும் செத்துப் போனார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் படை சூடான் மீது திணிக்கப்பட்டதே இல்லை. ஆறு வாரத்துக்கு முன்புதான், ஜூன் 20 அன்று, அடிஸ் அபாபாவில் கையெழுத்துப் போட்டு "எத்தியோப்பியப் படை வரட்டும்" என்று ஒப்புக்கொண்டது அதே சூடான். விருந்துக்குக் கூப்பிட்டவனே, வந்தவன் மயங்கி விழுந்ததும் வாசல் கதவைப் பூட்டிக்கொண்ட கதை.

சரி, அது ஒரு தடவை நடந்தது என்று விட்டுவிடலாமா? 2016 ஜூலை, தெற்கு சூடான் தலைநகர் ஜூபா. ஊருக்குள்ளேயே சண்டை. ஐ.நா. வளாகத்தில் நின்ற சீன அமைதிப்படையின் கவச வண்டி மேல் ராக்கெட் குண்டு விழுந்தது. காயம்பட்ட ஒரு வீரரைக் கொண்டுபோக வேண்டிய ஐ.நா. மருத்துவமனை அதே ஊரில்தான், சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வழிவிட அரசுப் படைகள் தயாராக இல்லை. சுமார் 16 மணி நேரம் கிடந்து அவர் இறந்தார்.

ஐ.நா.விடம் விதி இல்லாமல் இல்லை. 10-1-2 என்று அழகாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அடிபட்ட 10 நிமிடத்தில் முதலுதவி, 1 மணி நேரத்தில் உயிர்காக்கும் சிகிச்சை, 2 மணி நேரத்தில் அறுவை சிகிச்சை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் ஓடுவதும் நிற்பதும் உள்ளூர் ராணுவ அதிகாரி கையில் இருக்கிறதே!

இப்போது கணக்கைப் பாருங்கள். படை அனுப்புகிற நாட்டுக்கு ஐ.நா. ஒரு வீரருக்கு மாதம் 1,448 டாலர் வீதம் தருகிறது (2022இல் நிர்ணயித்த தொகை). அந்த நாடு கொண்டுவந்த முக்கியமான வண்டிகள் ஓடாமல் நின்றால் அந்தத் தொகையிலேயே பிடித்தம் உண்டு. ஆய்வு செய்து, பட்டியல் போட்டு, கறாராகக் கழிப்பார்கள். ஓடாத வண்டிக்கு அபராதம்! நன்றாக ஓடக்கூடிய ஹெலிகாப்டரைத் தரையில் நிறுத்தி வைத்த அரசாங்கத்துக்கு? அதற்கு மட்டும் கண்டன அறிக்கை. "தடையின்றி நடமாட விடுவோம்" என்ற வாக்குறுதி ஐ.நா. போடுகிற ஒப்பந்தங்களில் இருக்கத்தான் செய்கிறது. மீறினால் என்ன ஆகும் என்ற பைசாக் கணக்கைத்தான் காணோம். இப்படி ஒரு ஒப்பந்தத்தை நம்பி யாராவது ஒரு லோடு சிமெண்டாவது அனுப்புவார்களா?

'ஒரு நாட்டின் வான்வெளிக்கு மரியாதை வேண்டாமா, கண்ட விமானமும் பறந்தால் பாதுகாப்பு என்னாவது' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சாதாரணப் பயணத்துக்கு, சரக்குக்கு, அதிகாரிகள் ஏறிப் போவதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் வாங்கட்டும். காயம்பட்டவனைத் தூக்கப் போகிற விமானம் தகவல் சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். எண், பாதை, நேரம் மூன்றையும் அறிவித்தால் போதும். 'கிளம்புகிறோம்' என்று சொல்வது வேறு, 'கிளம்பலாமா' என்று கெஞ்சுவது வேறு.

இறந்தவன் எந்த ஊர்க்காரன் என்பதும் இதில் இருக்கிறது. 2016இல் மாலி நாட்டின் கிடாலில் பயிற்சியின்போது மோர்ட்டார் குண்டு வெடித்து இரண்டு நெதர்லாந்து வீரர்கள் இறந்தார்கள். விசாரணை வாரியம் குண்டின் குறைகளோடு அங்கிருந்த ஐ.நா. மருத்துவமனையின் தரத்தையும் கிழித்தது. 2017 அக்டோபரில் நெதர்லாந்து ராணுவ அமைச்சர் ராஜினாமா செய்தார், ராணுவத் தளபதியும் விலகினார். அந்த அமைச்சர் மறு வருடமே ஐ.நா.வின் ஈராக் பிரதிநிதி ஆனது தனிக் கூத்து. போகட்டும், அந்த நாடு கேள்வியாவது கேட்டது. அபியேயில் போன உயிர்களுக்கு சூடானில் யார் பதவி போனது?

நேபாளம், ருவாண்டா, வங்கதேசம், இந்தியா... அதிகமாக ஆள் அனுப்புகிற நாடுகள் இவைதான். பாதுகாப்பு சபையில் வீட்டோ வைத்திருக்கிற ஐந்தில் ஒன்றும் இந்த வரிசையில் முன்னால் இல்லை. அடுத்த தடவை படை கேட்டு வரும்போது, 'மருத்துவ விமானத்துக்கு முன்அனுமதி கிடையாது, தடுத்தால் அன்றைக்கே எங்கள் ரோந்து நிற்கும்' என்ற ஒரே வரியை இந்த நாடுகள் சேர்ந்து எழுதச் சொல்லட்டும். முடியாது என்று சொன்னால், வேறு யாரை அனுப்புவார்களாம்?