கீரைக்காரியைக் கேட்காதே, குழாயைக் கேள்

"ஏமே, இது சாக்கடைத் தண்ணியில வெளஞ்ச கீரையா?"

பாலாற்றங்கரை ஊர் ஒன்றின் ஊர்த்தெருவில், கூடையைத் தொடாமல் குச்சியால் கட்டைப் புரட்டி என் அம்மாவைக் கேட்டாள் ஒருத்தி. அம்மா சொன்னாள்: "ஆமாம்மா, உங்க தெரு சாக்கடைதான். தோல் ஷாப்புத் தண்ணியும் கலந்துதான் வருது. எங்களுக்கு வேற எந்தத் தண்ணிய வுட்டீங்க?" அன்றைக்கு ஒரு கட்டும் விற்கவில்லை. வாடிப்போன கீரையை ராத்திரி நாங்கதான் கடைஞ்சு தின்னோம்.

இன்று அதே கேள்வியைப் படித்தவர்கள் கேட்கிறார்கள். கழிவுநீரில் விளைந்த காய்கறியில் ஈயம், காட்மியம், குரோமியம் என்று எழுதுகிறார்கள். விஷயம் பொய்யில்லை. உலோகம் மக்கிப் போகாது. தண்ணியோடு வந்து மண்ணில் தங்கி, வருஷா வருஷம் சேரும். குரோமியம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். காட்மியம் அப்படியில்லை, வேரிலிருந்து இலைக்குச் சுலபமாக ஏறும். அதனால்தான் கீரைக்கு ஆபத்து அதிகம். இலைமேல் படிந்த தூசி கழுவினால் போகும். உள்ளே ஏறியது கொதிக்க வைத்தாலும் போகாது. சப்பானில் சின்சூ ஆற்றில் சுரங்கக் கழிவை விட்டார்கள். அந்தத் தண்ணி பாய்ந்த நெல்லைத் தின்ற பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்பு நொறுங்கியது. நோய்க்குப் பெயரே 'இத்தாய் இத்தாய்': வலிக்குது, வலிக்குது. சுரங்கக் காட்மியம்தான் காரணமென்று அந்நாட்டு அரசு ஒத்துக்கொண்டது 1968-ல்.

ஆனால் இவ்வளவும் சொல்லிவிட்டு இவர்கள் கை நீட்டுவது யாரை? கீரைக்காரியை. சாக்கடையில் பயிர் வைக்கிறவர்களைத் தடை செய் என்கிறார்கள். ஏரி மதகு ஊர்க்காரன் கையில். போர்வெல் காசுள்ளவன் கழனியில். குத்தகைக்குக் கால் காணி பிடித்தவளுக்கு மிஞ்சியது ஊர் கழித்துவிட்ட தண்ணி. அதில் மலம் உண்டு, கிருமி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குரோமியத்தை எவளும் பேண்டு வைக்கவில்லை.

அது எங்கிருந்து வந்தது? வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளைக் கேளுங்கள். பதனிடப் போடுகிற குரோமிய உப்பில் தோல் குடித்தது போக மிச்சம் கழிவுத் தண்ணியில் போகிறது. தோல் ஷாப்புப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போனதை 1996-ல் உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பில் எழுதியது. ஷாப்புக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது, நட்டஈடும் தரச் சொன்னது. 28 வருஷத்துக்கு மேல் கழித்து, 2025 சனவரியில், அதே நீதிமன்றம் நட்டஈடு கொடு என்று மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்த ஹெக்டேர் கணக்கில் பட்டா இல்லாதவள் எங்கே? அவள் தின்ற கீரை எந்தக் கணக்கில்?

இராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை ஒன்று லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை மலையாகக் குவித்து வைத்துவிட்டுப் போனது. 2015 சனவரியில் அதே ஊரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டி உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள்.

செத்த மாட்டை உரித்தவனைத் தீட்டு என்றார்கள். அதே தோல் குரோமியத்தில் ஊறி டாலராகத் திரும்பி வந்தபோது தீட்டு எங்கே போனது? பணம் மேலே போனது. தண்ணி பள்ளத்துக்கு வந்தது. பள்ளத்தில் சேரியை வைத்தது யார்?

'ஷாப்பை மூடினா உங்க சனத்துக்குத்தான் சோறு போகும்' என்பார்கள். மூடச் சொல்லவில்லை. குரோமியத்தை ஷாப்புக்குள்ளேயே பிரித்தெடுக்க வழி இருக்கிறது. அதைச் செய். ஆலைக் கழிவை ஊர்ச் சாக்கடையில் கலக்காதே. எங்கள் மண்ணையும் கீரையையும் சோதித்து முடிவைத் தமிழில் எழுதி சேரியில் ஒட்டு. குத்தகைக்காரிக்கும் கூலிக்காரிக்கும் நட்டஈடு கொடு. பயிருக்கு நல்ல தண்ணி விடு. அதுவரை எங்கள் கூடையைச் சோதிக்கிற யோக்கியதை உங்களில் எவருக்கும் கிடையாது.

கீரைக்கட்டைப் புரட்டுகிற அந்தக் குச்சியை ஒரு தடவையாவது ஷாப்புக் குழாய்ப் பக்கம் நீட்டிப் பாருங்கள்.