ஆவடி டாங்கி ஆரின்ட?

அர்ஜுன் டாங்கியப் பத்தி இணையத்தில சுத்திற கருத்து ரெண்டுதான். ஒண்டு, 'அம்பது வருசம் மினக்கெட்டு ஒண்டுக்கும் உதவாத இரும்பக் கட்டினாங்கள்'. மற்றது, 'ஆவடியில எங்கட தமிழ் ஆக்கள் செய்தது, ரஷ்யாக்காரன்ட டி-90ஐயே வெண்டுபோட்டுது'. ரெண்டாவது வகை வீடியோவ எனக்கு அனுப்பிறது அனேகமா கொழும்புப் பெடியள்தான். எனக்கு ரெண்டிலயும் உடன்பாடில்ல. டாங்கியக் கட்டினவைதான் அதத் தீர்மானிச்சவையும் எண்டு ரெண்டு பகுதியும் நினைக்குது.

சென்னைக்குப் பக்கத்தில இருக்கிற ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு டாங்கி புதுசில்ல. 1960களின் நடுவில இருந்து, பிரித்தானிய விக்கர்ஸ் கொம்பனியின் வடிவத்தை வச்சு, 'விஜயந்தா' எண்டு 2,000க்கு மேல செய்து குடுத்திருக்கினம். பிறகு வந்ததுதான் சொந்த டாங்கி ஆசை. 1972இல இந்திய இராணுவம் தனக்கு என்ன வேணும் எண்டு பட்டியல் போட்டுது. 1974இல அரசாங்கம் 15.5 கோடி ரூபா ஒதுக்கிச்சு. நினைச்சது 40 தொன் அளவில ஒரு டாங்கி, உள்ளூரிலயே செய்த எஞ்சினோட.

80களில அந்தப் பட்டியல் மாறிச்சு. கவசம் கூட வேணும், 120 மில்லிமீற்றர் பீரங்கி வேணும், நாலு பேர் இருக்க இடம் வேணும். ஒவ்வொண்டும் தனித்தனியாப் பாத்தா நியாயமான கேள்விதான். ஆனா ஒவ்வொண்டுக்கும் நிறை இருக்கு. நிறை கூடினா பெரிய எஞ்சின் வேணும், உள்ளூர் எஞ்சின் காணாது. ஜேர்மனியில இருந்து எம்.டி.யூ. எஞ்சினும் ரெங்க் கியர்பெட்டியும் வந்துது. முதல் வகையான மார்க் 1, 58.5 தொன்னில நிண்டுது. 2021 பெப்ரவரியில மோடி சென்னையில கையளிச்ச மார்க் 1ஏ வகையில 72 புது அம்சமாம், நிறை 68 தொன். தெகிவளைக் கால்வாய்ப் பாலத்தில ஆள் நிறைஞ்ச நாலஞ்சு பஸ்ஸை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி ஓட்டிறத யோசிச்சுப் பாருங்கோ. பஞ்சாப் எல்லையில இருக்கிறதும் கால்வாயும் பாலமும்தான். அகலம் 3.8 மீற்றருக்கு மேல எண்டபடியா ரயிலில ஏத்தவும் தனிப் பெட்டி தேவைப்பட்டுது.

'பாரம் கூடிப்போச்சு' எண்டு பிறகு முறைப்பாடு சொன்னதும் அதே இராணுவம்தான்!

கிளை வகைகளின்ட கதையும் இதே மாதிரித்தான். டி-72இன் அடிப்பாகத்தில அர்ஜுனின் மேற்கோபுரத்த வச்சு, பாரம் குறைஞ்ச ஒரு மாதிரி செய்தினம். அதுக்கு 'கர்ணன்' எண்டு பேர். இராணுவம் வேண்டாம் எண்டு சொல்லிட்டுது. (பெத்தவை கைவிடப்போற பிள்ளைக்கு முதலே கர்ணன் எண்டு பேர் வச்ச ஆளைக் கண்டா ஒரு பிளேன்டி வாங்கிக் குடுக்கலாம்.) அர்ஜுனின் உடம்பில தென்னாபிரிக்க டெனல் கொம்பனியின் 155 மில்லிமீற்றர் பீரங்கியப் பூட்டி 'பீம்' செய்யப் போச்சினம். 2005இல டெனல் மேல இலஞ்சக் குற்றச்சாட்டு வர அதுவும் நிண்டுபோச்சு. இதில ஆவடி மெக்கானிக் ஒருத்தர் விட்ட பிழை எது?

2010இல ராஜஸ்தானில டி-90ஓட பக்கத்தில பக்கத்தில விட்டுப் பாத்தினம். அர்ஜுன் நல்லாச் செய்தது எண்டு இந்தியப் பத்திரிகைகள் எழுதின. பெடியள் அனுப்பிற வீடியோவின்ட மூலம் இதுதான். அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டுதான் அந்த வீடியோக்கள் சொல்லாது. டி-90 ஆயிரத்துக்கு மேல போச்சு. அர்ஜுன் 2000ஆம் ஆண்டு கேட்ட 124, பிறகு 2021இல மார்க் 1ஏ 118. வென்றது எண்டு சொல்லுற டாங்கியின் மொத்தக் கணக்கு அவ்வளவுதான். 118, 124 எண்டு இடைக்கிட வாற கட்டளைக்காக எந்தத் தொழிற்சாலையும் உதிரிப்பாகத்த மலிவாச் செய்யேலாது. மலிவில்ல எண்டு சொல்லித் திரும்பவும் குறைவாத்தான் கேப்பினம்.

கேள்வி மாறாம இருந்தா என்ன நடக்கும் எண்டதுக்கும் உதாரணம் இருக்கு. 2020இல லடாக்கில சீனாவோட முறுகல் வந்த பிறகு, மலையில ஏறக்கூடிய 25 தொன் டாங்கி ஒண்டு வேணும் எண்டு கேட்டினம். அதே ஆவடி ஆராய்ச்சி நிலையமும் லார்சன் அண்ட் டூப்ரோ கொம்பனியும் சேந்து 'சோராவர்' எண்ட முதல் வண்டிய 2024 ஜூலையில காட்டிட்டினம். மூளை அதே மூளைதான்.

இனி 'எங்கட டாங்கி' எண்ட கதைக்கு வருவம். 1987 ஒக்டோபரில யாழ்ப்பாணத் தெருவில ஓடின இந்திய டாங்கிகள் டி-72. அண்டைக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கட அம்மம்மாமாரிட்ட அத 'எங்கட' எண்டு சொல்லிப் பாருங்கோ, என்ன பதில் வரும் எண்டு. ஆவடியில செய்தா என்ன, ரஷ்யாவில செய்தா என்ன, டாங்கி எந்தத் தெருவுக்குப் போகவேணும் எண்டத அதக் கட்டின ஆள் சொல்லுறதில்ல. எங்கட நாட்டுக்கு இந்தச் சிக்கலே இல்ல, எல்லாம் வெளியில வாங்கினது. காலி முகத்திடல் அணிவகுப்பில நாங்கள் பாத்த டி-55, அதுவும் சோவியத் வடிவம்.

பெருமைப்பட வேணும் எண்டா டாங்கிய விட்டிட்டு ஆவடி ஆக்களைப் பாருங்கோ. 2021இல இந்திய அரசாங்கம் ஆயுதத் தொழிற்சாலைகள் எல்லாத்தையும் ஏழு கொம்பனியாப் பிரிக்க முடிவெடுத்துது. தொழிற்சங்கங்கள் காலவரையறையற்ற வேலைநிறுத்தம் எண்டு அறிவிச்சினம். ஜூன் மாசமே அவசரச் சட்டம் வந்துது, ஆகஸ்டில பாராளுமன்றமும் அத நிறைவேத்திச்சு. அந்தச் சட்டம் நடைமுறையில இருந்த காலத்தில, பாதுகாப்பு உற்பத்தியில தடைசெய்த வேலைநிறுத்தத்தில சேந்தா சிறை எண்டு இருந்துது. ஒக்டோபர் 1ஆம் திகதியில இருந்து ஆவடித் தொழிற்சாலை ஒரு கொம்பனியின்ட சொத்து. செப்டம்பரில, 7,523 கோடி ரூபாவுக்கு 118 மார்க் 1ஏ செய்யச் சொல்லிக் கட்டளை குடுத்ததும் அதே ஆக்களுக்குத்தான். என்ன செய்யிறது எண்டு சொல்ல அவைக்கு முதலே உரிமை இருக்கேல்ல. செய்யமாட்டம் எண்டு சொல்லுற உரிமையையும் அந்த வருசம் அந்தச் சட்டம் பறிச்சுது.

2024 செப்டம்பரில டி-72க்குப் பதிலா வரப்போற அடுத்த டாங்கிக்கு இந்தியா அனுமதி குடுத்திருக்கு. திரும்பவும் ஒரு பட்டியல் எழுதுப்படும். அத எழுதிற மேசையில, ஆவடியில வெல்டிங் பிடிக்கிற ஒராளுக்கும் கதிரை போடச்சொல்லி ஆரும் கேட்டதா நான் இன்னும் எங்கயும் வாசிக்கேல்ல.