கூடாரம் அடிக்க இடம் கொடுங்கள்

அமெரிக்க விடுதலையின் 250ஆம் ஆண்டுக்கென ஊராட்சிகளும் கவுண்டிகளும் ஒதுக்கும் பணம் ஓர் இரவு வாணவேடிக்கையோடு புகைந்து போய்விடக் கூடாது. சிற்றூர்ப் பூங்காக்களில் வார இறுதியில் கூடும் ‘வாழும் வரலாறு’ முகாம்களுக்கு அதில் ஒரு பங்கு வேண்டும். ஜூலை 4 கடந்த பிறகும், ஆண்டுதோறும், அது கிடைக்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு உடையில், அன்றைய கருவிகளோடு தங்கி, விறகடுப்பில் சமைத்து, வந்து கேட்பவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும் தன்னார்வலர்கள் நடத்தும் முகாம்கள் இவை. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரை மீட்டெடுக்க ராக்பெல்லரின் செல்வம் இருந்தது. ஊர்த் திடலில் கூடாரம் அடிப்பவருக்கு அப்படிப் புரவலர் இல்லை. துப்பாக்கி, கம்பளிக் கோட்டு, இரும்புச் சட்டி எல்லாம் அவரவர் சொந்தக் காசு. விறகு, வைக்கோல், குடிநீர், தற்காலிகக் கழிப்பறை, காப்பீடு ஆகிய செலவுகள்தாம் சிறு குழுக்களின் கழுத்தைப் பிடிக்கின்றன.

நியூ ஜெர்சியின் மான்மத் போர்க்களப் பூங்காவுக்கு ஜூன் மாதத்தில் போய்ப் பாருங்கள். எடிசனிலும் பிரின்ஸ்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது எட்டும் தூரம்தான். 1778 ஜூன் 28 அன்று வாஷிங்டனின் படையும் பிரிட்டிஷ் படையும் மோதிய வயல்வெளி அது. தோட்டாவுக்கு மட்டுமல்ல, அன்றைய வெயிலுக்கும் பலர் பலியானார்கள். அங்கே கூடும் முகாமில் படைவீரராக நிற்பவர் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார். மருந்தில் ஒரு சிட்டிகையைத் துப்பாக்கியின் சிறு கிண்ணத்தில் கொட்டி, மீதியைக் குழலில் போடுகிறார். குண்டு கிடையாது, வெறும் மருந்துதான். கடித்த உதட்டில் அந்தக் கருமருந்து ஒட்டி உப்புக் கரிக்கும், நா வறளும். அந்த வெயிலில், கம்பளிக் கோட்டுக்குள், அப்படி வறண்ட வாயோடு நாள் முழுவதும் சுட்டவர்கள் ஏன் சுருண்டு விழுந்தார்கள் என்பது அருகில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும்.

அந்த மருந்திலுள்ள வெடியுப்புக்கு அன்று பிரிட்டன் பெரிதும் நம்பியிருந்தது பீகாரைத்தான். மான்மத்தில் பிரிட்டிஷ் அணியில் நின்ற தளபதிகளில் ஒருவர் காரன்வாலிஸ். 1781இல் யார்க்டவுனில் அவரது படை சரணடைந்தது. பின்னர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல்லையும், கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளைக் கொண்ட பாராமகாலையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவரது சிலை இன்றும் நிற்கிறது. சேலத்திலோ கிருஷ்ணகிரியிலோ வேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு மான்மத் வயல் அந்நியர் கதையாக இருக்க நியாயமில்லை.

இது வெள்ளையர் போடும் போர் வேடம், வன்முறைக்கு விழா என்று எதிர்ப்பவர்கள் உண்டு. அந்த எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. பூர்வகுடிகளின் வேடத்தைப் பிறர் கட்டுவது அவர்களைப் புண்படுத்தும். அதை நிறுத்தியே ஆக வேண்டும். தேசியப் பூங்காத் துறை தன் நிலங்களில் இரு அணிகள் எதிரெதிரே நின்று சுடுவதை அனுமதிப்பதில்லை. ஆனாலும் அதன் பொறுப்பில் உள்ள மாரிஸ்டவுன் ஜாக்கி ஹாலோவில், 1779-80 கடுங்குளிரில் படைவீரர்கள் மரக்குடிசைகளில் பட்டினியோடு தங்கிய கதையைச் சொல்ல முடிகிறது. போலிப் போர் இல்லாமலும் முகாம் நடக்கும். சட்டி கழுவுபவர், துணி வெளுப்பவர், காயத்துக்குக் கட்டுப் போடுபவர் ஆகியோரிடம்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பார்கள்.

அந்த முகாம்களில் சொல்லியாக வேண்டிய கதைகளுள் டைட்டஸ் கதையும் ஒன்று. மான்மத் கவுண்டியில் அடிமையாக இருந்த அவர் 1775இல் தப்பியோடினார். பிரிட்டிஷார் பக்கம் சேர்ந்து, ‘கர்னல் டை’ என்று பெயர் பெற்று, தம்மை அடிமைப்படுத்திய வட்டாரத்திலேயே அதிரடித் தாக்குதல்களை நடத்தினார். விடுதலை வேண்டி அவர் சேர்ந்தது வாஷிங்டனின் எதிரணியில். வட மாநிலங்களில் அடிமை முறையை ஒழிக்கக் கடைசியாகச் சட்டம் இயற்றியது நியூ ஜெர்சி. 1804இல் வந்த அந்தச் சட்டமும் படிப்படியான விடுதலையைத்தான் தந்தது. இதைச் சொல்லத் தயங்கும் குழுவுக்கு வரிப்பணம் தேவையில்லை. சொல்ல முன்வரும் குழுவுக்கு ஆய்வாளர்களின் துணையும், கறுப்பின, லெனாபே பூர்வகுடிச் சமூகத்தவரின் ஆலோசனைக்கு உரிய ஊதியமும் அரசுச் செலவில் கிடைக்க வேண்டும்.

இந்தக் குழுக்கள் பலவற்றுக்கு உயிரூட்டியது 1976இன் 200ஆம் ஆண்டு விழா. அன்று இருபதுகளில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கூடாரக் கம்பு நடவும் பீப்பாய் தூக்கவும் ஆள் குறைகிறது. அவர்கள் கையில் இருக்கும் தையலும் கொல்லுவேலையும் சமையலும் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக் கற்க வேண்டியவை. அடுத்த தலைமுறைக்கு இப்போதே இடம் கொடுக்காவிட்டால் 300ஆம் ஆண்டில் கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

ஊராட்சிகள் திடலை வாடகையின்றித் தரட்டும். காப்பீட்டைத் தாமே ஏற்கட்டும். பள்ளி வாரியங்கள் பேருந்துகளை அனுப்பட்டும். வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்தும் நம் சங்கங்கள் ஒரு சனிக்கிழமை வகுப்பை முகாமிலேயே வைத்துக்கொள்ளலாம். பார்க்கப் போகும் பெற்றோர் அங்கே வைத்திருக்கும் தன்னார்வலர் பதிவேட்டில் தங்கள் பிள்ளைகளின் பெயரையும் எழுதிவிட்டு வரட்டும்.