கூலன்ட் கணக்கும் டேலி ஆகணும்!

வரி, இன்சூரன்ஸ்னு பேசுற இடத்துல ரேடியேட்டர் எதுக்குன்னு கேட்பீங்க. இதுவும் பண விஷயம்தான்.

போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்ல என் காருக்கு கூலன்ட் மாத்தினாங்க. வடிச்சது சுமார் 5 லிட்டர். பில்லில் இருந்தது 3.5 லிட்டர். "ஃபுல் ஆயிடுச்சு சார்"னு அனுப்பிட்டாங்க. தினமும் கணக்கைத் தணிக்கை பண்ற நான், இதை டேலி பண்ணலை. மீதி 1.5 லிட்டர் இடத்துல இருந்தது காத்து! மறுநாள் ஹைவேல டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறிடுச்சு. உடனே ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணதால தப்பிச்சேன்.

சிலிண்டர் ஹெட்ல காத்து சிக்கினா, அந்த இடத்துக்கு கூலன்ட் போகாது. அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். சென்சார் காத்துல மாட்டினா, மீட்டர் உண்மையான சூட்டைக் காட்டாமலும் இருக்கலாம். சரி, இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. சாதாரண மோட்டார் பாலிசியில இயந்திரக் கோளாறுக்கு கவர் கிடையாது. செலவு முழுக்க உங்க பாக்கெட்ல இருந்துதான்.

அதனால, என் கருத்து இதுதான்: இந்த வேலைக்கு லேபர்ல பேரம் பேசாதீங்க. நேரத்துக்குக் காசு கொடுங்க, ஆனா இதையெல்லாம் செய்யச் சொல்லிக் கேளுங்க:

1. இன்ஜின் நல்லா ஆறின பிறகுதான் மூடியைத் திறக்கணும். சூட்டுல திறந்தா கொதிக்கிற கூலன்ட் மேல பீய்ச்சும்.

2. ஹீட்டரை முழு சூட்டுல வைக்கணும். மெதுவா ஊத்தணும். ப்ளீட் ஸ்க்ரூ இருந்தா, குமிழி நின்னு கூலன்ட் சீரா வர்ற வரைக்கும் திறந்து வைக்கணும்.

3. ரேடியேட்டர் மூடி இருக்கிற கார்னா, அதைத் திறந்து வச்சே இன்ஜினை ஐடில்ல ஓடவிடணும். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்போது மட்டம் இறங்கும், அப்போ நிரப்பணும். காருக்குக் கார் முறை மாறும், மேனுவலைப் பாருங்க.

4. வடிச்சது எவ்வளவு, ஊத்தினது எவ்வளவு? ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகணும்.

5. மறுநாள் காலையில, இன்ஜின் ஆறியிருக்கும்போது, மட்டத்தை நீங்களே பாருங்க.

அரை மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாம நான் கையெழுத்து போட மாட்டேன். நீங்களும் கூலன்ட் டேலி ஆகாம காரை வெளியே எடுக்காதீங்க.